பழைய மடிக்கணினியில் லினக்ஸ் மிண்ட்: புதிதாகத் தொடங்குவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பெங்களூரில் அல்சூர், ஸ்ரீராம்புரம், விவேக்நகர் பக்கம் இருக்கும் தெரிந்த குடும்பங்களின் பழைய கணினிகளில், விண்டோஸுக்கு மாற்றான இலவச இயங்குதளமான லினக்ஸ் மிண்ட்டை நிறுவிக்கொடுப்பது சில ஆண்டுகளாக எனது ஞாயிற்றுக்கிழமை வேலை. நிறுவிக்கொடுத்த மறுவாரம் வரும் தொலைபேசி அழைப்புகளில் திரும்பத் திரும்ப ஒரே கேள்விகள் வருவதால், அவற்றுக்கான விடைகளை இங்கே எழுதி வைக்கிறேன். இவை லினக்ஸ் மிண்ட் 22, சின்னமன் என்ற திரைத்தோற்றம் கொண்ட பதிப்பை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. உபுண்டு என்ற மற்றொரு லினக்ஸைப் பயன்படுத்துவோருக்கும் பெரும்பகுதி பொருந்தும், ஏனெனில் மிண்ட் 22 உபுண்டு 24.04-ஐ அடிப்படையாகக் கொண்டது.

விண்டோஸ் 11-க்கு என் மடிக்கணினி தகுதியற்றது என்று திரையில் வந்துவிட்டது. அதில் இது ஓடுமா?

பெரும்பாலும் ஓடும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியோ அதன் பட்டியலில் இடம்பெற்ற செயலியோ இல்லாத கணினிகள், நன்றாக இயங்கிக்கொண்டிருந்தாலும், அந்த வாசலைத் தாண்டுவதில்லை. மிண்ட் அவற்றைக் கேட்பதில்லை. 64 பிட் செயலியும் குறைந்தது 2 ஜிபி ராமும் 20 ஜிபி வட்டு இடமும் போதும் என்று அதை உருவாக்குவோர் கூறுகின்றனர். ஆனால் உலாவியில் நான்கைந்து பக்கங்களைத் திறந்து வைத்து வேலை செய்பவருக்கு 4 ஜிபிக்குக் குறைந்தால் பொறுமை போய்விடும் என்பது என் அனுபவம். அதற்கும் குறைவாக இருந்தால் சின்னமனுக்குப் பதிலாக, அதைவிட இலகுவான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பைப் போடுங்கள்.

எஸ்.பி. ரோடு கடைகளில் பணம் செலவழிக்க எண்ணியிருந்தால், முதலில் சுழலும் வன்தட்டை மாற்றி எஸ்எஸ்டி (சுழலாத, வேகமான வட்டு) போட்டுக்கொள்ளுங்கள்; ராமைப் பிறகு பார்க்கலாம். பத்தாண்டு பழைய கணினியின் மந்தத்துக்குக் காரணம் பெரும்பாலும் அந்த வன்தட்டுதான்.

நிறுவாமலேயே பார்க்க முடியுமா?

முடியும், பார்த்துவிட்டு நிறுவுவதே முறை. 8 ஜிபி பென் டிரைவ் ஒன்றில் மிண்ட்டின் நிறுவல் கோப்பை (ஐஎஸ்ஓ) எட்சர் அல்லது ரூஃபஸ் போன்ற கருவியால் எழுத வேண்டும். வெறுமனே நகலெடுத்துப் போட்டால் அது வேலை செய்யாது. கணினியை இயக்கும்போது எஃப்12, எஃப்2, எஸ்கேப் போன்ற விசைகளில் ஒன்றை (இது தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும்) அழுத்தி, பென் டிரைவிலிருந்து தொடங்கச் சொல்லலாம். வன்தட்டு தொடப்படாமலேயே முழுத் திரையும் வந்துவிடும். அப்போது வைஃபை, ஒலி, கேமரா, தொடுபலகை, திரையின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் விசைகள் ஆகியவற்றை ஒவ்வொன்றாகச் சோதியுங்கள். அங்கே சேமிக்கும் எதுவும் அணைத்தவுடன் மறைந்துவிடும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

நிறுவும்போது என் படங்களும் கோப்புகளும் அழிந்துவிடுமா?

வட்டு முழுவதையும் அழித்து நிறுவும் தெரிவைத் தேர்ந்தெடுத்தால் அழிந்துவிடும். முழு வட்டு என்றால் சி டிரைவ் மட்டுமல்ல, டி, இ என்று நீங்கள் பிரித்து வைத்திருப்பவையும் அதில் அடங்கும். இதைத் தெரிந்தே எழுதுகிறேன். என் மைத்துனரின் கணினியில் டி டிரைவில் எதுவும் இல்லை என்று அவர் சொன்னதை நம்பி நான் அந்தப் பொத்தானை அழுத்தினேன், மகளின் காதுகுத்துப் படங்கள் போயின. அன்றிலிருந்து, உரிமையாளர் என்ன சொன்னாலும், வெளி வன்தட்டில் நகல் எடுத்து, அந்த நகலை வேறொரு கணினியில் திறந்து பார்க்காமல் நான் தொடங்குவதில்லை.

விண்டோஸையும் வைத்துக்கொண்டு அதனருகில் நிறுவுவதாக இருந்தால், விண்டோஸின் வட்டுப் பூட்டான பிட்லாக்கர் இயங்குகிறதா என்று முதலில் பார்த்து, அதன் மீட்புக் குறியீட்டைத் தாளில் எழுதி வையுங்கள். விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதியையும் அணைத்துவிடுங்கள். அது இயங்கும்போது விண்டோஸ் முழுமையாக அணைவதில்லை என்பதால், லினக்ஸ் அந்தப் பகுதியைப் படிக்க மட்டும் விடும், எழுத விடாது.

சி டிரைவ், டி டிரைவ் எங்கே போயின?

லினக்ஸில் எழுத்துப் பெயர்கள் இல்லை. உங்களுக்குரியவை எல்லாம் ‘ஹோம்’ என்ற ஒரே கோப்புறைக்குள் இருக்கும். ஆவணங்கள், படங்கள், பதிவிறக்கங்கள் ஆகியவை அதன் உள்ளறைகள். பென் டிரைவ் செருகினால் கோப்பு மேலாளரின் இடப்பக்கப் பட்டியலில் அதன் பெயர் தோன்றும். ஆங்கிலத்தில் பெயரிடும்போது பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வெவ்வேறாகக் கருதப்படுவதால், ஒரே பெயரில் இரண்டு கோப்புகள் இருப்பதுபோல் தெரிந்தால் குழம்ப வேண்டாம்.

தமிழில் தட்டச்சு செய்வது எப்படி? கன்னடமும் வேண்டுமே?

இந்த ஊரில் இது இரட்டைக் கேள்வியாகத்தான் வரும். தாய்க்குத் தமிழ் வேண்டும், பள்ளியில் படிக்கும் பிள்ளைக்குக் கன்னடம் வேண்டும், இருவருக்கும் கணினி ஒன்று.

மிண்ட்டின் மென்பொருள் கடையான சாஃப்ட்வேர் மேனேஜரில் ஐபஸ் என்ற தொகுப்பையும் ஐபஸ்-எம்17என் என்ற தொகுப்பையும் தேடி நிறுவுங்கள். பிறகு மெனுவில் ‘இன்புட் மெத்தட்’ என்பதைத் திறந்து, ஐபஸ் என்பதைத் தேர்ந்தெடுத்து, ஒருமுறை வெளியேறி மீண்டும் உள்நுழையுங்கள். பலர் இந்தக் கடைசிப் படியை விட்டுவிட்டுத்தான் ‘வரவில்லை’ என்று அழைக்கிறார்கள். அதன்பின் ஐபஸ் விருப்பங்களில் தமிழைச் சேர்க்கும்போது பல விசையமைப்புகள் காட்டப்படும். தட்டச்சுப் பொறியில் பழகியவர்களுக்கு டைப்ரைட்டர் உண்டு, ஆங்கில ஒலிப்பில் எழுதிப் பழகியவர்களுக்கு ஃபொனெட்டிக் உண்டு. ஆனால் புதிதாகக் கற்பவர்களுக்கு நான் சொல்வது தமிழ்99 மட்டுமே. தமிழ்நாடு அரசு 1999-இல் ஏற்றுக்கொண்ட இந்த அமைப்பில் உயிரெழுத்துகள் இடக்கையிலும் மெய்யெழுத்துகள் வலக்கையிலும் அமைந்துள்ளன.

அதன் அழகைக் காண ‘அம்மா’ என்று எழுதிப் பாருங்கள். அ, ம, ம, ஆ என்று நான்கே விசைகள் போதும். ஒரே எழுத்தை அடுத்தடுத்து இருமுறை அழுத்தியதும் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக விழுகிறது. ‘பந்து’ என்பதற்கும் ப, ந, த, உ போதும், ஏனெனில் நகரத்துக்குப் பின் தகரம் வந்தால் இடையில் புள்ளி இருக்க வேண்டும் என்பது அந்த அமைப்புக்குத் தெரியும். ஆங்கில ஒலிப்பில் எழுதுபவர் ளகரத்துக்கும் ழகரத்துக்கும் எந்த ஆங்கில எழுத்து என்று தடுமாறும் நேரத்தில், தமிழ்99 பழகியவர் ஒரு வரியை முடித்திருப்பார். இரண்டு வாரம் தினமும் கால் மணி நேரம் ஒதுக்கினால் கை பழகிவிடும். பட்டியலில் தமிழ்99 என்ற பெயர் இரண்டு இடங்களில் தென்பட்டால், எம்17என் என்ற குறிப்புடன் இருப்பதையே தேர்ந்தெடுங்கள், தானாக விழும் புள்ளி அதில்தான் உண்டு.

கன்னடத்துக்கு அதே பட்டியலில் ‘ககப’ விசையமைப்பைச் சேர்த்துக்கொள்ளலாம். கன்னட கணக பரிஷத் என்ற அமைப்பின் பெயரிலிருந்து வந்தது அது. பிறகு, விண்டோஸ் சின்னம் உள்ள விசையையும் ஸ்பேஸ் பாரையும் சேர்த்து அழுத்தினால் ஆங்கிலம், தமிழ், கன்னடம் என்று மாறிக்கொண்டே வரும்.

திரை முழுவதையும் தமிழுக்கு மாற்றலாமா என்றும் கேட்கிறார்கள். மாற்றலாம், வசதி இருக்கிறது. ஆயினும், சந்தேகம் வந்தால் தொலைபேசியில் விளக்கும் அண்ணனோ அக்கா மகனோ ஆங்கிலப் பெயர்களைச் சொல்வார் என்பதால், முதல் மூன்று மாதம் ஆங்கிலத்திலேயே இருக்கட்டும் என்பது என் கருத்து.

பழைய கோப்புகளைத் திறந்தால் எழுத்துகள் கிறுக்கலாகத் தெரிகின்றனவே?

கோப்பு கெடவில்லை. இன்றைய பொதுக் குறியீட்டு முறையான யுனிகோட் பரவுவதற்கு முன் பாமினி, டாப், டிஸ்கி போன்ற முறைகளில் எழுதப்பட்டவற்றில், உள்ளே இருப்பவை வேறு குறியீடுகளே. குறிப்பிட்ட எழுத்துருதான் அவற்றுக்குத் தமிழ் உருவம் கொடுத்தது. கன்னடத்தில் நுடி எழுத்துருக்களில் எழுதிய பழைய கடிதங்களுக்கும் இதே கதிதான். அந்த எழுத்துருக் கோப்பு உங்களிடம் இருந்தால், அதை இருமுறை சொடுக்கி நிறுவியதும் படிக்க முடியும். தொடர்ந்து பயன்படுத்த வேண்டிய ஆவணமாக இருந்தால், எழுத்துரு மாற்றி ஒன்றின் மூலம் யுனிகோடுக்கு மாற்றி வைப்பது நல்லது. அவ்வாறு மாற்றியபின் ஒற்றுகளும் கொம்புகளும் சரியாக உள்ளனவா என்று ஒருமுறை வாசித்துப் பார்க்கவும்.

நான் தயாரித்த விண்ணப்பம் ஜெராக்ஸ் கடையில் திறந்தால் வரிகள் இடம் மாறிவிடுகின்றன. ஏன்?

லிப்ரே ஆஃபிஸில் எழுதியதை வேர்ட் கோப்பாகச் சேமிக்கலாம், ஆனால் இரு கணினிகளிலும் ஒரே எழுத்துரு இருக்க வேண்டும். விண்டோஸில் உள்ள லதா எழுத்துரு உங்களிடம் இல்லை, உங்களிடம் உள்ள நோட்டோ சான்ஸ் தமிழ் கடைக்காரரிடம் இல்லாமலிருக்கலாம். எழுத்தின் அகலம் மாறினால் வரி மாறும், வரி மாறினால் பக்கம் மாறும். ஆகவே அச்சுக்குக் கொடுப்பதை எப்போதும் பிடிஎஃப் ஆக மாற்றியே கொடுங்கள். கருவிப்பட்டையில் அதற்கென்றே ஒரு பொத்தான் உள்ளது. ஆங்கில ஆவணங்களில் இந்தச் சிக்கல் குறைவு, ஏனெனில் கலிப்ரிக்குப் பதிலாக அதே அகலமுடைய கார்லிட்டோ என்ற எழுத்துரு உண்டு.

பென் டிரைவில் நகலெடுத்தேன். கடையில் போய்த் திறந்தால் கோப்பு பாதிதான் இருக்கிறது.

இது கணினியின் தவறும் அல்ல, முழுக்க உங்கள் தவறும் அல்ல. 2 ஜிபி அளவுள்ள திருமண வீடியோவை இழுத்துப் போட்டால், முன்னேற்றப் பட்டை சில நொடிகளில் கடைசிவரை ஓடிவிடும். உண்மையில் அது நினைவகத்துக்குத்தான் போயிருக்கும், அங்கிருந்து பென் டிரைவின் வேகத்துக்கு ஏற்ப மெதுவாக எழுதப்பட்டுக்கொண்டிருக்கும். டிரைவில் விளக்கு இருந்தால் அது இன்னும் சிமிட்டிக்கொண்டே இருப்பதைக் காணலாம். ஆகவே இடப்பக்கப் பட்டியலில் அதன் பெயருக்கு அருகிலுள்ள வெளியேற்றும் குறியை அழுத்துங்கள். எழுதி முடியும்வரை காத்திருக்கச் சொல்லும், இப்போது எடுக்கலாம் என்ற அறிவிப்பும் வரும். அது வந்தபின் கையை வையுங்கள். ஐந்து நிமிடம் ஆனாலும் காத்திருக்கத்தான் வேண்டும், அவசரப்பட்டுப் பிடுங்கினால் மீண்டும் வீட்டுக்கு வந்துபோகும் நேரம் அதைவிட அதிகம்.

பென் டிரைவைப் புதிதாக ஃபார்மேட் செய்யும்போது, கடைக் கணினிகளிலும் திறக்க வேண்டுமானால், எக்ஸ்ஃபேட் முறையைத் தேர்ந்தெடுங்கள். ஃபேட்32 எல்லா இடத்திலும் வேலை செய்யும், ஆனால் 4 ஜிபியைத் தொடும் ஒற்றைக் கோப்பை அது ஏற்காது.

பிரிண்டரை இணைத்தால் என்ன மென்பொருள் போட வேண்டும்?

பெரும்பாலானவற்றுக்கு எதுவும் வேண்டாம். அண்மைக் காலத்து வைஃபை பிரிண்டர்கள் ஒரே வலையமைப்பில் இருந்தால் தாமாகவே பட்டியலில் தோன்றும். எச்பி பிரிண்டர்களுக்கு எச்பிலிப் என்ற தொகுப்பு உண்டு. அவற்றில் லேசர்ஜெட் 1020 போன்ற சில பழைய மாதிரிகளுக்குக் கூடுதலாக ஒரு இணைப்புக் கோப்பை அது இணையத்திலிருந்து இறக்க வேண்டியிருக்கும் என்பதால், முதல்முறை இணைக்கும்போது இணையம் இருக்கட்டும். புதிதாக வாங்கப்போகிறவர்கள், லினக்ஸில் வேலை செய்யுமா என்று கடைக்காரரிடம் கேட்பதைவிட, அந்த மாதிரியின் பெயரை வைத்து வீட்டிலேயே தேடிப் பார்த்துவிட்டுச் செல்வது பயன் தரும்.

கைபேசியிலுள்ள படங்களை எப்படி எடுப்பது?

கேபிளால் இணைத்து, கைபேசியின் பூட்டைத் திறந்து, அறிவிப்புப் பகுதியில் கோப்புப் பரிமாற்றம் என்ற தெரிவைத் தேர்ந்தெடுங்கள். பூட்டியிருந்தால் கோப்புறை காலியாகத் தெரியும். கேபிள் தொல்லை வேண்டாம் என்றால், இரண்டிலும் கேடிஇ கனெக்ட் நிறுவிக்கொள்ளலாம்.

தேர்வு விண்ணப்பத்தில் புகைப்படம் இத்தனை கிலோபைட்டுக்குள் இருக்க வேண்டும் என்கிறார்கள். அதற்கு யாரிடம் போவது?

யாரிடமும் போக வேண்டாம். சாஃப்ட்வேர் மேனேஜரிலிருந்து கிம்ப் நிறுவுங்கள். படத்தைத் திறந்து, முதலில் அகல உயரத்தை விண்ணப்பம் கேட்கும் அளவுக்குக் குறையுங்கள். பிறகு ஏற்றுமதித் தெரிவில் ஜேபெக் ஆகச் சேமிக்கும்போது வரும் சாளரத்தில், முன்னோட்டம் காட்டும் கட்டத்தில் குறியிட்டால், தரத்தைக் குறைக்கக் குறைக்கக் கோப்பின் அளவு கண்முன்னே மாறுவதைக் காணலாம். கேட்ட எண்ணுக்குச் சற்றுக் கீழே வந்ததும் நிறுத்துங்கள். கையொப்பத்துக்கும் இதே வழிதான். வெள்ளைத் தாளில், பகல் வெளிச்சத்தில், நிழல் விழாமல் படமெடுத்திருக்க வேண்டும்.

இதனுடனேயே வரும் இன்னொரு கேள்வி: பதிவிறக்கிய ஆதார் பிடிஎஃப் கடவுச்சொல் கேட்கிறதே என்பது. பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்துகளைப் பெரிய எழுத்தில் இட்டு, அதையடுத்துப் பிறந்த ஆண்டை இட வேண்டும். மிண்ட்டிலுள்ள ஆவணக் காட்டியிலேயே அது திறக்கும்.

இணையத்தில் பதிவிறக்கிய இஎக்ஸ்இ கோப்பு திறக்கவில்லை.

அது விண்டோஸுக்கானது. இங்கே தேவையானதை சாஃப்ட்வேர் மேனேஜரிலிருந்து எடுப்பதே வழக்கம். விஎல்சி, டெலிகிராம் எல்லாம் அதிலேயே உள்ளன. வாட்ஸ்அப்பை உலாவியில் பயன்படுத்தலாம். தேடுபொறியில் முதலில் வரும் ஏதோ ஒரு தளத்திலிருந்து இறக்கும் பழக்கத்தை விட்டாலே பாதி வைரஸ் பயம் போய்விடும். தனியாக ஆன்டிவைரஸ் வாங்க வேண்டுமா என்ற கேள்விக்கும் வீட்டுப் பயன்பாட்டைப் பொறுத்தவரை இதுவே விடை. ஆனால் வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்லி ஓடிபி கேட்பவரிடமிருந்து எந்த இயங்குதளமும் உங்களைக் காப்பாற்றாது.

கீழே கேடய வடிவில் ஒரு குறி வருகிறது. அதைத் தொடலாமா?

தொட வேண்டும். அது அப்டேட் மேனேஜர். வாரம் ஒருமுறை திறந்து புதுப்பியுங்கள், நடுவில் தானாகக் கணினியை அணைத்து இயக்கி உங்களைத் தவிக்கவிடாது. முன்னெச்சரிக்கையாக டைம்ஷிஃப்ட்டை ஒருமுறை அமைத்து வைத்தால், புதுப்பிப்புக்குப் பின் ஏதேனும் கெட்டாலும் முந்தைய நிலைக்குத் திரும்பலாம். அது பாதுகாப்பது இயங்குதளத்தைத்தான், இயல்பான அமைப்பில் உங்கள் படங்களையும் ஆவணங்களையும் அது நகலெடுப்பதில்லை. அவற்றுக்கு வெளி வன்தட்டு தனியாக வேண்டும்.

வைஃபையே தெரியவில்லை. டிரைவர் இறக்கவும் இணையம் இல்லையே?

கைபேசியைக் கேபிளால் இணைத்து, அதில் யுஎஸ்பி டெதரிங்கை இயக்குங்கள், கணினிக்கு இணையம் வந்துவிடும். பிறகு, வைஃபை போன்ற கருவிகளை இயக்கும் மென்பொருளை (டிரைவர்) தேடித் தரும் டிரைவர் மேனேஜரைத் திறந்து, அது பரிந்துரைப்பதை நிறுவி, மறுதொடக்கம் செய்யுங்கள்.

விண்டோஸுக்குத் திரும்பினால் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்தங்கியிருக்கிறது.

லினக்ஸ் கணினியின் உட்கடிகாரத்தில் உலகப் பொது நேரத்தை வைக்கிறது, விண்டோஸ் அதையே உள்ளூர் நேரம் என்று எடுத்துக்கொள்கிறது. நம் நாட்டு நேரம் அதைவிட 5 மணி 30 நிமிடம் முன்னால் இருப்பதால் அந்த வித்தியாசம். உட்கடிகாரத்தை உள்ளூர் நேரத்தில் வைக்குமாறு லினக்ஸுக்குச் சொல்லும் ஒற்றை வரிக் கட்டளை உண்டு. நிறுவிக்கொடுத்தவரிடம் கேட்டால் ஒரு நிமிடத்தில் முடித்துத் தருவார்.

யார் மாறக் கூடாது?

டேலியில் கணக்கு எழுதுபவர்கள் அவசரப்பட வேண்டாம், அது விண்டோஸுக்காக எழுதப்பட்டது. டிஜிட்டல் கையொப்ப டோக்கன் பயன்படுத்தும் சிறு வணிகர்களும், அந்த டோக்கனுக்கு லினக்ஸ் மென்பொருள் உண்டா, தாங்கள் கையொப்பமிடும் தளம் அதை ஏற்கிறதா என்று இரண்டையும் உறுதிசெய்த பிறகே முடிவெடுக்க வேண்டும். சிவாஜிநகரில் கடை வைத்திருக்கும் ஒருவருக்கு நான் மிண்ட் போடாமல் திருப்பி அனுப்பியது இதனால்தான். அவர் வீட்டுக் கணினியில் போட்டுக்கொண்டார், கடைக் கணினி அப்படியே இருக்கிறது.

கடவுச்சொல்லை மறந்துவிட்டேன். எல்லாம் போயிற்றா?

வட்டை மறையாக்கம் (திறவுச்சொல் இன்றிப் படிக்க முடியாதபடி பூட்டுதல்) செய்யாமல் நிறுவியிருந்தால் போகவில்லை. தொடக்கத் திரையில் ரெக்கவரி மோட் வழியாக நுழைந்து புதிய கடவுச்சொல் வைக்கலாம், தெரிந்த ஒருவர் அருகில் இருந்தால் ஐந்து நிமிட வேலை. ஆனால் உங்களால் முடிவது, மெஜஸ்டிக்கில் பேருந்து மாறும்போது நீங்கள் தவறவிட்ட மடிக்கணினியை எடுத்தவருக்கும் முடியும் என்பதைக் கவனியுங்கள். அந்தக் கவலை உள்ளவர்கள் நிறுவும்போதே வட்டை மறையாக்கம் செய்யும் தெரிவை எடுக்க வேண்டும். அப்படி எடுத்தவர்கள் அதன் திறவுச்சொல்லை மறந்தால் யாராலும் மீட்க முடியாது என்பதால், நிறுவி முடித்த அன்றே ஒரு தாளில் எழுதி, வீட்டுப் பத்திரம் இருக்கும் பீரோவில் வைத்துவிட்டுத்தான் நான் கிளம்புவேன்.